‘ஏதாவது அலர்ஜி உண்டா?’: பள்ளிப் படிவத்தில் இந்த ஒரு வரி போதுமா? உணவுக் கட்டுப்பாடு உள்ள குழந்தையின் மதிய உணவை ஏற்பாடு செய்வது எப்படி?

இந்தியாவின் எந்த நகரத்தில் குழந்தையைப் பள்ளியில் சேர்த்தாலும், அட்மிஷன் படிவத்தில் பெரும்பாலும் ஒரு வரி இருக்கும்: ‘ஏதாவது அலர்ஜி உண்டா?’ நீங்களும் ‘வேர்க்கடலை’ என்றோ, ‘கோதுமை கூடாது’ என்றோ எழுதிக் கொடுப்பீர்கள். சொல்லியாச்சு, இனி பள்ளி பார்த்துக்கொள்ளும் என்று நினைப்போம்.

ஆனால், அந்தப் படிவம் அலுவலக அலமாரிக்குள் போய்விடுகிறது. உங்கள் பிள்ளையின் தட்டில் குழம்பு ஊற்றுபவருக்கு அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. வகுப்பு ஆசிரியர் லீவு போட்ட நாளில் வரும் மாற்று ஆசிரியருக்கும் தெரியாது. பிறந்தநாள் கேக்கை நீட்டும் பக்கத்து பெஞ்ச் நண்பனுக்கு நிச்சயமாகத் தெரியாது.

உணவுக் கட்டுப்பாடு உள்ள குழந்தைக்கு ஆபத்து வருவது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான். வீட்டில் அம்மா, அப்பா, பாட்டி எல்லோருக்கும் தெரிந்த தகவல், பரிமாறும் கைக்குப் போய்ச் சேருவதில்லை. அதைக் கொண்டு சேர்க்கும் கடமையை எல்லா நோய்களுக்கும் பொதுவாகப் பள்ளியின் மேல் வைக்கும் தனிச்சட்டம் இந்தியாவில் இல்லை. அப்படியானால் பெற்றோர் என்ன செய்ய முடியும்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில், உங்கள் பிள்ளையின் கட்டுப்பாடு எந்த வகை?

‘அவனுக்கு அது ஒத்துக்காது’ என்ற ஒரே வாக்கியத்துக்குள் நாம் பல விஷயங்களை அடைத்துவிடுகிறோம். கேட்கும் ஆசிரியருக்கு எல்லாமே ஒன்றுபோலத்தான் தெரியும். உண்மையில் இவை ஐந்து வெவ்வேறு வகைகள்.

1. நிமிடங்களில் ஆபத்து: வேர்க்கடலை, முந்திரி, பால், முட்டை, மீன், இறால் போன்றவற்றுக்கான தீவிர ஒவ்வாமை. மிகச் சிறிய அளவு உள்ளே போனாலும் மூச்சுத் திணறல் வரலாம், ரத்த அழுத்தம் சரியலாம். உயிர் போகும் அபாயம் உண்டு.

2. மெதுவான பாதிப்பு: சீலியாக் நோய். கோதுமை, பார்லி, ரை தானியங்களில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் சிறுகுடலின் உட்சுவரைச் சேதப்படுத்தும். சாப்பிட்ட அன்று குழந்தை சும்மா விளையாடிக்கொண்டிருக்கலாம். ரத்தசோகையும் வளர்ச்சிக் குறைவும் பிறகு தெரியவரும்.

3. நேரமும் அளவும் முக்கியம்: டைப் 1 சர்க்கரை நோய். இதில் ‘சாப்பிடக் கூடாதது’ என்பதைவிட, எப்போது, எவ்வளவு சாப்பிடுகிறது, அதற்கு எவ்வளவு இன்சுலின் என்பதுதான் கணக்கு.

4. அசௌகரியம்: பால் சர்க்கரையான லாக்டோஸ் செரிக்காத நிலை. வயிற்று உப்புசம், பேதி வரும். உயிருக்கு ஆபத்து இல்லை. இதையும் பால் ஒவ்வாமையையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். பால் ஒவ்வாமை முதல் வகையைச் சேர்ந்தது.

5. நம்பிக்கை சார்ந்தது: சைவம், வெங்காயம் பூண்டு இல்லாத ஜைன உணவு, ஹலால் போன்றவை. இதை மதிப்பதும் பள்ளியின் பொறுப்புதான். ஆனால் இதற்கு மருத்துவ அவசரத் திட்டம் தேவைப்படாது.

பள்ளியிடம் பேசும்போது எந்த வகை என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். ‘இவளுக்குப் பால் பிடிக்காது’ என்று கேட்கிறவர், ‘ஒரு வாய் மோர்தானே’ என்று ஊற்றிவிடுவார். ‘பால் பட்டால் இவளுக்கு மூச்சுத் திணறும்’ என்று கேட்டவர் அப்படிச் செய்ய மாட்டார்.

எத்தனை குழந்தைகளுக்கு இந்தப் பிரச்சினை?

சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பின் 2021 அட்லஸ்படி, 19 வயது வரையிலான டைப் 1 சர்க்கரை நோயாளிகள் உலகிலேயே அதிகம் இருப்பது இந்தியாவில். எண்ணிக்கை சுமார் 2.29 லட்சம்.

சீலியாக் நோயின் எண்கள் தமிழர்களுக்கு இன்னும் சுவாரஸ்யமானவை. டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் தேசியத் தலைநகர்ப் பகுதியில் நடத்தி 2011-இல் வெளியிட்ட ஆய்வில், 1.04% பேருக்கு இந்த நோய் இருந்தது. அதாவது 96 பேரில் ஒருவர். இதே விகிதம் பொருந்தும் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், 2,000 பேர் படிக்கும் ஒரு குருகிராம் பள்ளியில் 20 பிள்ளைகள்.

2016-இல் 23,000-க்கும் அதிகமான பெரியவர்களிடம் நடந்த இன்னொரு ஆய்வு, பகுதிவாரியாக ஒப்பிட்டது. சீலியாக் நோயைக் காட்டும் ரத்த எதிர்ப்பொருள் வட இந்தியாவில் 1.23% பேரிடமும், தென்னிந்தியாவில் வெறும் 0.10% பேரிடமும் இருந்தது. ஏன் இந்த 12 மடங்கு வித்தியாசம்? நோய்க்கு வழிவிடும் மரபணு வகை வடக்கே 38.1%, தெற்கே 36.4%. கிட்டத்தட்ட சமம். ஆனால் ஒரு நாளைக்குச் சாப்பிடும் கோதுமை வடக்கே சராசரியாக 455 கிராம், தெற்கே 25 கிராம்.

மரபணு நம்மிடமும் இருக்கிறது. தட்டில் கோதுமைதான் குறைவு. வேலைக்காக நொய்டாவுக்கோ குருகிராமுக்கோ போன தமிழ்க் குடும்பத்தில், பள்ளியில் தினமும் ரொட்டி சாப்பிடும் குழந்தை எடை கூடாமல், ரத்தசோகையோடு, அடிக்கடி வயிற்றுவலி என்று சொன்னால், ‘நம்ம ஊர்ல இதெல்லாம் இல்லையே’ என்று விட்டுவிடாதீர்கள். மருத்துவரிடம் சீலியாக் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். ஒரு எச்சரிக்கை: பரிசோதனைக்கு முன்பே நீங்களாகக் கோதுமையை நிறுத்தக் கூடாது. நிறுத்திவிட்டால் முடிவு தவறாக ‘இல்லை’ என்று வர வாய்ப்பு உண்டு.

சட்டம் என்ன சொல்கிறது?

இங்கிலாந்தில் மருத்துவப் பிரச்சினை உள்ள மாணவர்களுக்கு உதவுவது பள்ளியின் சட்டக் கடமை. 2014-ஆம் ஆண்டின் குழந்தைகள், குடும்பங்கள் சட்டம் அதை நேரடியாகச் சொல்கிறது. இந்தியாவில் அப்படி ஒரே சட்டம் இல்லை. துண்டு துண்டாகச் சில பிடிமானங்கள் உண்டு.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016: கல்வி நிறுவனங்கள் தேவையான வசதிகளைச் செய்து தர வேண்டும் என்கிறது. ஆனால், அதன் 21 வகைப் பட்டியலில் தலசீமியா, ஹீமோபிலியா, சிக்கிள் செல் நோய் ஆகியவை உண்டு. சீலியாக், உணவு ஒவ்வாமை, டைப் 1 சர்க்கரை நோய் இல்லை.

தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம், 2023: டைப் 1 சர்க்கரை நோய் உள்ள பிள்ளைகள் வகுப்பில் சர்க்கரை அளவைப் பார்க்கவும், இன்சுலின் போடவும், மருத்துவர் சொன்ன இடைவேளை ஸ்நாக்ஸ் சாப்பிடவும் அனுமதிக்க வேண்டும் என்று மாநில அரசுகளுக்கும் கல்வி வாரியங்களுக்கும் எழுதியது. அதற்கு முன்பே, 2017-இல், சர்க்கரை மாத்திரை, பழம், சாண்ட்விச், தண்ணீர் ஆகியவற்றைப் பொதுத்தேர்வு அறைக்குள் கொண்டுபோக சி.பி.எஸ்.இ. அனுமதித்துவிட்டது.

உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.: பள்ளி உணவுக்கான 2020 விதிகளின்படி, பள்ளியே சமைத்துத் தந்தாலும் காண்ட்ராக்டர் தந்தாலும் பதிவோ உரிமமோ கட்டாயம். பாக்கெட் உணவில் 8 வகை ஒவ்வாமைப் பொருட்களை லேபிளில் சொல்லியாக வேண்டும்: குளூட்டன் உள்ள தானியங்கள், இறால் நண்டு வகை, பால், முட்டை, மீன், வேர்க்கடலை மற்றும் கொட்டைப் பருப்புகள், சோயா, குறிப்பிட்ட அளவுக்கு மேல் சல்பைட். எள்ளும் கடுகும் இந்தப் பட்டியலில் இல்லை. உங்கள் பிள்ளைக்கு எள் ஒவ்வாமை என்றால், லேபிளின் எச்சரிக்கை வரியை மட்டும் பார்க்காமல் முழுப் பொருள் பட்டியலையும் படிக்க வேண்டும். ‘குளூட்டன் இல்லாதது’ என்று போட, ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது.

சுருக்கமாக: சர்க்கரை நோய்க்கு ஒரு கடிதம் கையில் இருக்கிறது. மற்றவற்றுக்கு மருத்துவர் எழுதித் தரும் சான்றுதான் உங்கள் முக்கிய ஆயுதம்.

அரசுப் பள்ளி மதிய உணவில் மாற்று கேட்க முடியுமா?

பி.எம். போஷன் திட்டத்துக்கு 2021-இல் ஒப்புதல் தந்தபோது மத்திய அரசு சொன்ன கணக்கு: 11.2 லட்சம் பள்ளிகள், 11.8 கோடி குழந்தைகள். தொடக்கப்பள்ளிக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு 100 கிராம் தானியம், 20 கிராம் பருப்பு, 50 கிராம் காய்கறி; மொத்தம் 450 கலோரி, 12 கிராம் புரதம். ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை 700 கலோரி, 20 கிராம் புரதம். தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், 2013 இந்த உணவை உரிமையாகவே ஆக்கியிருக்கிறது.

ஆனால், இந்தக் கணக்கு எல்லாமே சராசரிக் குழந்தைக்கானது. தட்டில் இருப்பதைச் சாப்பிட முடியாத குழந்தைக்கு அந்த 450 கலோரி காகிதத்தில் மட்டும்தான்.

சமைப்பவர்களின் நிலையையும் பார்க்க வேண்டும். மத்திய விதிப்படி 25 மாணவர் வரை ஒரு சமையலர், 100 வரை இருவர், அதற்கு மேல் ஒவ்வொரு 100-க்கும் கூடுதலாக ஒருவர். 200 பேருக்கு மூன்று பேர். மத்திய அரசு நிர்ணயித்த மதிப்பூதியம் 2009-இலிருந்து மாதம் 1,000 ரூபாய். அதற்கு மேல் தருவது மாநிலங்களின் விருப்பம். ‘என் பிள்ளைக்குத் தனிச் சட்டியில் சமையுங்கள்’ என்று இவர்களிடம் கேட்பது நியாயமும் இல்லை, நடப்பதும் இல்லை.

நடைமுறையில் கேட்கக்கூடியவை இவை:

• சோறு இருக்கும் நாட்களில், குழம்பில் கரண்டி விழுவதற்கு முன்பே உங்கள் பிள்ளைக்குத் தனியாக எடுத்து மூடி வைப்பது.
• கோதுமை உணவு உள்ள நாட்களின் பட்டியலை முன்கூட்டியே வாங்கி, அன்று வீட்டிலிருந்து அனுப்புவது.
• பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதைப் பேசித் தீர்மானமாகப் பதிவு செய்யச் சொல்வது. தலைமையாசிரியர் மாறினாலும் தீர்மானம் இருக்கும்.

மாற்று ஏற்பாடு என்பது இந்தத் திட்டத்துக்குப் புதிதும் இல்லை. கர்நாடகாவில் முட்டை சாப்பிடாத பிள்ளைகளுக்கு வாழைப்பழம் தருகிறார்கள். கொரோனா காலத்தில் பள்ளிகள் மூடியிருந்தபோது, சமைத்த உணவுக்குப் பதில் தானியமும் சமையல் செலவும் குடும்பங்களுக்குப் போனது. நம்பிக்கைக்காகவும் பேரிடருக்காகவும் செய்ய முடிந்ததை, மருத்துவர் சான்று உள்ள ஒரு குழந்தைக்காகவும் செய்ய முடியும்.

தனியார் பள்ளியில் என்ன கேட்க வேண்டும்?

பெருநகரங்களில் பல பள்ளிகள் மதிய உணவையும் கட்டணத்தில் சேர்த்துவிடுகின்றன. சில இடங்களில் வீட்டு டிபன் பாக்ஸுக்கே தடை. அட்மிஷன் பணம் கட்டுவதற்கு முன்பே இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்:

• சமைப்பது பள்ளியா, காண்ட்ராக்டரா? எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் என்ன?
• வாராந்திர மெனுவோடு, பயன்படுத்தும் மசாலா, சாஸ் பாக்கெட்டுகளின் பொருள் பட்டியலும் கிடைக்குமா?
• மருத்துவச் சான்று இருந்தால் வீட்டு உணவுக்கு அனுமதி உண்டா? உணவுக் கட்டணம் குறையுமா?
• பள்ளியில் நர்ஸ் இருக்கிறாரா? எத்தனை மணி வரை?
• சுற்றுலா, விளையாட்டு தினம், பிறந்தநாள் இனிப்புகளுக்கு யார் பொறுப்பு?

வாய்மொழியாக ‘பார்த்துக்கலாம் மேடம்’ என்று சொன்னால், அன்று மாலையே ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள்: ‘இன்று பேசியதன்படி, நீங்கள் ஒப்புக்கொண்டவை இவை.’ சண்டைக்காக இல்ல. அடுத்த வருடம் வரும் வகுப்பு ஆசிரியருக்காக.

ஒரு பக்கத் திட்டம்: இதில் என்னென்ன இருக்க வேண்டும்?

நான்கு பக்க மருத்துவ அறிக்கையை யாரும் படிக்க மாட்டார்கள். ஒரே ஒரு பக்கம் போதும். ஆங்கிலத்தில் ஒன்று, சமையலறையில் பேசும் மொழியில் ஒன்று. டெல்லி என்றால் இந்தி, பெங்களூரு என்றால் கன்னடம்.

1. குழந்தையின் புகைப்படம், பெயர், வகுப்பு.
2. என்ன நோய், ஒரே வரியில். ‘கோதுமை ஒரு துளி கூட ஆகாது’ என்பதுபோல.
3. கூடாத உணவுகளின் பெயர்கள். ‘குளூட்டன்’ என்று மட்டும் எழுதினால் சமையலறையில் புரியாது. ரொட்டி, பூரி, ரவை, சேமியா, மைதா, பிஸ்கட் என்று எழுதுங்கள்.
4. தாராளமாகத் தரக்கூடியவை.
5. தவறிச் சாப்பிட்டால் தெரியும் அறிகுறிகள், முதல் 10 நிமிடத்தில் செய்ய வேண்டியவை.
6. மூன்று தொலைபேசி எண்கள், அருகிலுள்ள மருத்துவமனை.
7. மருத்துவரின் கையெழுத்து, தேதி. ஒவ்வொரு கல்வியாண்டும் புதுப்பிக்க வேண்டும்.

பிரதிகள் போக வேண்டிய இடங்கள்: வகுப்பறை, பரிமாறும் மேசைக்குப் பக்கத்துச் சுவர், மருத்துவ அறை, பள்ளிப் பேருந்து, குழந்தையின் பை. சுவரில் ஒட்டுவது பொதுப் பார்வைக்குத் தெரியாதபடி, பரிமாறுபவர் பக்கமாக இருக்கட்டும். பிள்ளையின் நோய் ஊருக்கே தெரிய வேண்டியதில்லை.

கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருப்பவை

நம் சமையலில் சில பொருட்கள் சந்தேகமே வராத இடத்தில் இருக்கும்.

• கூட்டுப் பெருங்காயம்: கடையில் கிடைக்கும் பெருங்காயத்தூள் பலவற்றில் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். சாம்பார், ரசம், ஊறுகாய் எல்லாவற்றிலும் அது போகிறது. ‘சோறு சாம்பார்தானே’ என்று சீலியாக் குழந்தைக்குத் தைரியமாகத் தந்துவிட முடியாது.
• மால்ட் பானங்கள்: மால்ட் என்பது பெரும்பாலும் பார்லியிலிருந்து வருவது. பாலில் கலக்கும் சத்துப் பவுடர்களின் லேபிளைப் படியுங்கள்.
• சோயா சாஸ்: வழக்கமான தயாரிப்பில் சோயாவோடு கோதுமையும் உண்டு.
• சட்னி, குருமா: கெட்டியாக இருக்க வேர்க்கடலையோ முந்திரியோ அரைத்துச் சேர்த்திருக்கலாம்.
• நெய், மோர், பனீர்: பால் ஒவ்வாமைக் கணக்கில் மூன்றும் பால்தான்.

பொருள் சரியாக இருந்தாலும் பாத்திரம் காலை வாரலாம். ரவா தோசை சுட்ட கல்லில் சாதா தோசை, பூரி பொரித்த எண்ணெயில் அப்பளம், ஒரே கரண்டியால் இரண்டு குழம்பு. தனிச் சமையலறை கேட்பதைவிட, தனிக் கரண்டி, தனி மூடி, முதலில் பரிமாறுதல் ஆகிய மூன்றையும் கேட்பது எளிது. அதற்குப் பெரிய செலவும் இல்லை.

அவசரம் வந்தால்?

தீவிர ஒவ்வாமை: உதடு, நாக்கு வீங்குதல், குரல் மாறுதல், மூச்சுத் திணறல், தொடர் வாந்தி, மயக்கம். இதற்கான முதல் மருந்து அட்ரினலின் ஊசி. தொடையின் வெளிப்பக்கத் தசையில் போடுவது. வெளிநாடுகளில் பெற்றோர் பையில் வைத்திருக்கும் தானியங்கி ஊசிப் பேனா இந்தியாவில் எளிதாகக் கிடைப்பதில்லை. ஆனால், அட்ரினலின் நம் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள, விலை குறைந்த மருந்து. உங்கள் மருத்துவரோடு பேசி, பள்ளி நர்ஸ் வைத்திருக்க முடியுமா, எவ்வளவு அளவு, யார் போடுவது என்று எழுதி வாங்குங்கள். நர்ஸ் இல்லாத பள்ளி என்றால், ஐந்து நிமிடத்தில் போய்ச் சேரக்கூடிய மருத்துவமனை எது என்பது தீர்மானமாகியிருக்க வேண்டும். குழந்தையை நடக்க விடாமல் படுக்க வைக்க வேண்டும். மூச்சுத் திணறினால் உட்கார வைக்கலாம். 108-ஐ அழைக்க வேண்டும். அலர்ஜி மாத்திரை கொடுத்துவிட்டுக் காத்திருப்பது ஆபத்து. அது அட்ரினலினுக்கு மாற்று கிடையாது.

சர்க்கரை திடீரெனக் குறைந்தால்: நடுக்கம், வியர்வை, எரிச்சல், குழப்பம். அளவு 70-க்குக் கீழே என்றால், உடனே கரையும் சர்க்கரை 15 கிராம். 15 நிமிடம் கழித்து மறுபடி பரிசோதனை. சிறு குழந்தைக்கு அளவு குறையலாம், மருத்துவர் சொல்வார். குழந்தை மயங்கிவிட்டால் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது. ‘பெல் அடிக்கட்டும், அப்புறம் சாப்பிடு’ என்று எந்த ஆசிரியரும் சொல்லாமல் இருக்க, இந்தப் பத்தி அவர் மேசையில் இருக்க வேண்டும்.

பிள்ளையிடம் எப்படிப் பேசுவது?

ஆறு வயதில் ‘குளூட்டன்’ புரியாது. ‘டீச்சர், இதுல கோதுமை இருக்கா?’ என்ற ஒரு கேள்வியைக் கேட்கப் பழக்கலாம். பத்து வயதில் லேபிள் படிக்கச் சொல்லித் தரலாம். பதின்ம வயதில் நண்பர்கள் முன்னால் மறுக்கக் கூச்சம் வரும். அப்போது திட்டாமல், வெளியே எங்கே என்ன சாப்பிடலாம் என்று அவர்களோடு சேர்ந்தே பட்டியல் போடுங்கள்.

தனி மேசையில் உட்கார வைப்பதைப் பல பள்ளிகள் பாதுகாப்பு என்று நினைக்கின்றன. குழந்தைக்கு அது தண்டனை. அதே மேசையில், விவரம் தெரிந்த ஒரு நண்பனுக்குப் பக்கத்தில் இடம் கேளுங்கள். பிறந்தநாள் நாட்களுக்காக, உங்கள் பிள்ளை சாப்பிடக்கூடிய இனிப்புகளை ஒரு டப்பாவில் போட்டு ஆசிரியரிடம் கொடுத்து வையுங்கள். எல்லோரும் சாப்பிடும்போது வெறும் கையோடு நிற்க வேண்டியிருக்காது.

பள்ளி மறுத்தால்?

முதலில் மருத்துவச் சான்றோடு முதல்வருக்கு எழுத்துபூர்வக் கடிதம், பதில் தர ஒரு தேதியோடு. அடுத்து, பள்ளி மேலாண்மைக் குழு அல்லது நிர்வாகம். அதன்பின் மாவட்டக் கல்வி அலுவலர், சம்பந்தப்பட்ட வாரியம், மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம். கேன்டீன் சுகாதாரமும் உரிமமும்தான் பிரச்சினை என்றால், மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலர்.

பெரும்பாலான பள்ளிகள் கெட்ட எண்ணத்தில் மறுப்பதில்லை. ஏதாவது நடந்தால் யார் பொறுப்பு என்ற பயத்தில் மறுக்கின்றன. மருத்துவர் கையெழுத்திட்ட ஒரு பக்கம் அந்தப் பயத்தைப் பெருமளவு குறைக்கும்.

இருந்தாலும், இவ்வளவையும் செய்ய ஆங்கிலம் தெரிந்த, மின்னஞ்சல் அனுப்ப நேரம் இருக்கிற பெற்றோரால்தான் முடிகிறது. சீலியாக் நோயோடு ஓர் அரசுப் பள்ளியில் படிக்கும் கூலித் தொழிலாளியின் மகளுக்கும் அதே குடல்தான். டைப் 1 சர்க்கரை நோய்க்கு வந்ததுபோல ஒரு வழிகாட்டுதல் மற்ற நோய்களுக்கும் வர வேண்டும். அதுவரை, உங்கள் பள்ளியில் உங்கள் பிள்ளைக்காக நீங்கள் எழுதி வாங்கும் நடைமுறையை, எல்லாப் பிள்ளைகளுக்குமான நடைமுறையாக மாற்றும்படி அடுத்த பெற்றோர் கூட்டத்தில் கேளுங்கள். உங்களுக்குப் பின்னால் வரும் குடும்பத்துக்கு அந்த ஒரு பக்கம் தயாராக இருக்கும்.